கடலை மாவு ஒட்டிய கை

நேற்று ராத்திரி மறுபடியும் 'பாபி' பார்த்தேன். 1973-ல் வந்த இந்திப் படம். முந்தைய படமான 'மேரா நாம் ஜோக்கர்' கையைச் சுட்டு, கடனில் மூழ்கியிருந்த இயக்குநர் ராஜ் கபூர், பெரிய நட்சத்திரங்களைத் தேடாமல் தன் மகன் ரிஷியையும் டிம்பிள் என்ற புதுப் பெண்ணையும் நம்பி எடுத்தது.

கதை தெரிந்ததுதான். பணக்கார வீட்டுப் பையன், கோவா மீனவர் மகள் பாபி. ஆனால் அந்தக் கதவு திறக்கும் காட்சி இருக்கிறதே, தன்னை வளர்த்த ஆயாவைப் பார்க்க அவன் வந்து நிற்க, உள்ளே சமையலில் இருந்த பாபி கையில் கடலை மாவோடு வந்து கதவைத் திறந்து, அந்தக் கையாலேயே முடியை ஒதுக்க, மாவு அப்படியே தலையில் ஒட்டிக்கொள்ளும். நடிகை நர்கிஸை முதன்முதலில் பார்த்தபோது தனக்கு நடந்ததைத்தான் ராஜ் கபூர் அப்படியே படத்தில் வைத்தாராம். அதனால்தானோ என்னவோ, எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்கு மூச்சு நின்று போகிறது.

அப்புறம் பாபியின் அப்பாவாக வரும் பிரேம்நாத். பையனின் அப்பாவாக வரும் பிரான் பணத்தைக் காட்டி அவமானப்படுத்தும்போது அந்த மீனவத் தகப்பனின் முகத்தைப் பாருங்கள், காதலர்களை விட எனக்கு அவர்தான் மனசில் நிற்கிறார்.

கடைசியில் இரண்டு பேரும் தண்ணீரில் குதிக்க, பின்னாலேயே இரண்டு அப்பாக்களும் குதிக்கிறார்கள். பாபியைத் தூக்கிக்கொண்டு கரையேறுவது பையனின் அப்பா, பையனைத் தூக்கி வருவது அந்த மீனவர். நேற்றும் அழுதுவிட்டேன்.