சுடரில் ஏறும் உப்பு

ஜூலை 8, செவ்வாய்

ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இன்று சுடர்ச் சோதனை, உப்பைக் கம்பியில் எடுத்துச் சுடரில் காட்டி நிறம் பார்ப்பது. எலக்ட்ரான்கள் வட்டப் பாதைகளில் சுற்றும் நீல்ஸ் போரின் அணு மாதிரியைப் பலகையில் வட்டம் வட்டமாகப் போட்டு ஒரு வாரமாகிறது. எழுதிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். எலக்ட்ரான் மேலேறிக் கீழே விழும்போது வருவது இந்த நிறம் என்று கண்ணால் பார்த்தால் பிடித்துக்கொள்வார்கள் என்று நம்பினேன்.

மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கைவிடவில்லை, பளிச்சென்று பச்சை. கால்சியம் குளோரைடு செங்கல் சிவப்பு. பொட்டாசியத்தில்தான் சிக்கல். வெளிர் ஊதா வர வேண்டிய இடத்தில் எல்லாக் குழுவிலும் மஞ்சள். "எல்லாம் மஞ்சளாட்டுதான் எரியுது சார்" என்றாள் முன்வரிசைப் பெண். புட்டி மாறிவிட்டதோ என்று வெறும் நிக்ரோம் கம்பியைக் காட்டினேன். அதுவும் மஞ்சள்! அதற்குள் மணியடித்துவிட்டது. பொட்டாசியத்தைப் பார்க்காமலே போனார்கள். மனசு கேட்கவில்லை.

ஜூலை 9, புதன்

பள்ளி கடற்கரை ஊரான முட்டத்துக்குப் பக்கம். ஆனிக் காற்றில் ஆய்வக ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரல் பிசுபிசுக்கும், நக்கினால் கரிக்கும். மஞ்சளுக்குக் காரணம் அந்த உப்பில் இருக்கும் சோடியம்தான்.

இரவில் ஜெர்மன் விஞ்ஞானிகள் பன்சனும் கிர்க்காஃபும் 1860-இல் எழுதிய கட்டுரையைத் தேடி எடுத்தேன். சுமார் 60 கன மீட்டர் அறையின் ஒரு கோடியில் 3 மில்லிகிராம் சோடியம் குளோரேட்டைப் பால்சர்க்கரையோடு வெடிக்கவைத்திருக்கிறார்கள். சில நிமிடத்தில் தள்ளியிருந்த சுடர் மஞ்சளாகி, ஒளியைப் பிரித்துப் பார்த்ததில் சோடியத்துக்கே உரிய கோடு தெரிந்திருக்கிறது. பூமிப் பரப்பின் பெரும்பகுதி உப்புத் தண்ணீர், அலைத் துளி காற்றில் கலந்துகொண்டே இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் வேலை செய்த ஹைடல்பர்க்கில் கடல் கிடையாது. நமக்கோ பள்ளி மதிலைத் தாண்டினால் கடல்.

ஜூலை 10, வியாழன்

ஜன்னலைச் சாத்தினோம். கம்பியை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முக்கி, சுட்டு, மறுபடி முக்கி, சுடர் நிறம் மாறாமல் நிற்கும்வரை சுத்தம் செய்தோம். சில குழுவுக்கு ஐந்து தடவை ஆயிற்று. நுனியை விரலால் தொடக்கூடாது. வலைக்குப் போய்விட்டு வந்த கை என்றால் கேட்கவே வேண்டாம்.

அப்புறம் கோபால்ட் நீலக் கண்ணாடி. சோடியத்தின் மஞ்சளை அது விழுங்கிவிடும், பொட்டாசியத்தின் நிறத்தை விட்டுவிடும். கண்ணாடியைக் கண்ணருகே பிடித்த பெண் பேச்சை நிறுத்தினாள். பூண்டுத் தோல் நிறத்தில் ஒரு நாக்கு எழுந்து, இரண்டு நொடியில் அடங்கியது. "இன்னொருக்க வைங்க சார்."

ஊதுபத்திப் பெட்டியில் பிளேடால் கீறல் போட்டு, உள்ளே சிடி துண்டு ஒட்டி, ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானி செய்தோம். உப்புச் சுடரில் 589 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகே ஒற்றை மஞ்சள் கோடு. குண்டு பல்பில் சிவப்பிலிருந்து ஊதாவரை முழுப் பட்டை. "அது ஏன் சார் கோடாட்டு வரல?" என்றான் பின்வரிசைப் பையன். இதுதான் நான் காத்திருந்த கேள்வி. சுடரில் சோடியம் அணுக்கள் தனித்தனியாகப் பறக்கின்றன. அதனதன் ஆற்றல் படியிலிருந்துதான் எலக்ட்ரான் இறங்க முடியும். பல்பின் இழை திடப்பொருள். அணுக்கள் நெருங்கி, படிகள் ஒன்றோடொன்று கலந்து பட்டையாகிவிடுகின்றன. பலகைக்குப் போகாமல் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன்.

மணியடித்ததும் ஒருவன் ஜன்னலோரம் கிடந்த பையைத் தட்டி எடுத்தான். அணைக்காத சுடரில் மஞ்சள் பொறிகள் பறந்தன. "சார், சோடியம்!" என்று மூன்று பேர் ஒன்றாகக் கத்தினார்கள்.