தண்ணீர் ஊற்றியே கொன்ற நாற்றுகள்

போன முறை விதைத்த தக்காளியில் 24 நாற்றுகளை ஒரே வாரத்தில் கொன்றேன். வெயில் இல்லை, பூச்சி இல்லை, நான்தான், அதுவும் தண்ணீர் ஊற்றி. அதற்கு முந்தைய முறை காயவிட்டுக் கொன்றிருந்தேன், அதனால் இந்தத் தடவை விடவே கூடாது என்று காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, நடுவில் ஜன்னல் பக்கம் போனால் சும்மா ஒன்று என்று ஸ்ப்ரேயரும் கையுமாகவே திரிந்தேன். ஒருநாள் காலையில் பார்த்தால் நாற்றுகள் வரிசையாகப் படுத்துக் கிடக்கின்றன, மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நூல் மாதிரி இளைத்துப் போயிருந்தது.

முளைக்கிறவரைக்கும் ஒரு கணக்கு, முளைத்த பிறகு வேறு கணக்கு. இரண்டையும் ஒன்றாக நினைத்ததுதான் என் தப்பு.

முதலில் விதை. அது தண்ணீரைக் குடித்து உப்பி, உள்ளே வேலையைத் தொடங்கி, முளைவேரை வெளியே நீட்டுகிறது. வேர் வெளியே வருவதற்கு முன்னால் கொஞ்சம் காய்ந்தாலும் பல விதைகள் தாங்கிக்கொண்டு மறுபடி எழும். வேர் எட்டிப் பார்த்த பிறகு ஒரு மதியம் காய்ந்தாலே போதும், கதை முடிந்தது. நாமோ மண்ணுக்குள் நடப்பது தெரியாமல் "விதை சரியில்லை" என்று பாக்கெட்டைத் திட்டிக்கொண்டிருப்போம். தக்காளி ஒரு வாரம் பத்து நாளில் வந்துவிடும், மிளகாய் இரண்டு வாரம்கூட எடுக்கும், அத்தனை நாளும் இந்த ஈரம் அறுபடாமல் இருக்க வேண்டும். நாற்று வளர்க்கும் குழித்தட்டில், அதாவது சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டில், ஒரு குழியில் ஒரு கைப்பிடி மண்கூட இருக்காது, மேலே ஃபேன் ஓடுகிறது, சில வீடுகளில் ஏசியும் சேர்ந்து காற்றை உலர்த்துகிறது. முதலில் காய்வது மேல்பகுதி, விதை கிடப்பதும் அங்கேதான்.

இதற்கு அடிக்கடி தண்ணீர் விடுவது பதில் இல்லை, இருக்கிற ஈரத்தை வெளியே போகவிடாமல் மூடிவைப்பதுதான் பதில். குழிகளில் மண்ணாகப் போடும் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கலவையை விதைப்பதற்கு முன்பே நன்றாக நனைத்துவிடுங்கள். கையில் அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரலாம், ஒழுகினால் அதிகம். காய்ந்த கலவையில் விதையைப் போட்டுவிட்டு மேலிருந்து ஊற்றினால் விதை மிதந்து ஒரு மூலையில் போய்ச் சேரும், அடியில் பாதி காய்ந்தே இருக்கும். விதைத்ததும் ஒரு பாலித்தீன் உறையையோ டப்பா மூடியையோ போட்டு மூடினால், உட்பக்கம் பனித்துளி மாதிரி கோத்துக்கொள்ளும். அந்தத் துளிகள் தெரிகிறவரை தண்ணீர் விட வேண்டிய அவசியமே இல்லை. மூடியதை நேர் வெயிலில் மட்டும் வைத்துவிடாதீர்கள், உள்ளே சூடு ஏறி விதை வெந்துவிடும்.

அப்புறம், விதைகளில் பாதி முளைத்ததும் மூடியை எடுத்துவிட வேண்டும். நான் எடுக்கவில்லை. முதலில் வரும் இரண்டு வித்திலைகளும் விரிந்து அழகாக நிற்கும்போது எடுக்க மனசு வரவில்லை, அந்தப் புழுக்கத்திலேயே விட்டுவிட்டு மேலே ஸ்ப்ரேயும் அடித்தேன். தண்டின் அடி அழுகி நாற்று சாய்கிற இந்த நாற்றழுகலைக் கொண்டுவரும் பூஞ்சைகளுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. தண்டு இளைத்த நாற்றைக் காப்பாற்றவும் வழியில்லை, பிடுங்கிப் போட்டுவிட்டு மிச்சத்தையாவது பார்க்கலாம். வேருக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும், மண்ணின் இடைவெளியெல்லாம் தண்ணீராக நின்றால் வேருக்கு மூச்சு முட்டும். மண்ணைச் சுற்றிக் குட்டிக் குட்டிக் கறுப்பு ஈ பறக்க ஆரம்பித்தால் அதுவும் ஈரம் மிஞ்சிப் போனதற்கு அடையாளம்.

இப்போது நான் மேலிருந்து ஊற்றுவதே இல்லை. ஒரு தட்டில் விரல் அகலத்துக்குத் தண்ணீர் விட்டு அதில் குழித்தட்டை வைத்தால் அடி ஓட்டை வழியாக அதுவே உறிஞ்சிக்கொள்ளும், 20 நிமிடம் போல ஆனதும் மேல்மண் நிறம் கறுக்கும், உடனே எடுத்துவிட்டு மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிடுகிறேன். ஸ்ப்ரே மேல்தோலை மட்டும்தான் நனைக்கிறது, பார்க்க ஈரமாகத் தெரியும், அடியில் காய்ந்து கிடக்கும். லெட்டூஸ், பெட்டூனியா மாதிரி மண்ணால் மூடாமல் மேலேயே தூவுகிற பொடி விதைகளுக்கு மட்டும் ஸ்ப்ரேயர் வேண்டும், வெளிச்சம் பட்டால்தான் அவை நன்றாக முளைக்கும்.

எப்போது விடுவது? இத்தனை மணிக்கு ஒருமுறை என்று அட்டவணை போடாதீர்கள். தட்டைத் தூக்கிப் பாருங்கள். நனைந்த தட்டின் கனம் இரண்டு நாளில் கைக்குப் பழகிவிடும். மேல்மண் வெளுத்து, தட்டும் லேசாகிவிட்டால் அப்போது நனைத்தால் போதும். கோகோபீட் மேலே காய்ந்த மாதிரி காட்டி ஏமாற்றும், அதனால் கண்ணைவிடக் கையை நம்புகிறேன்.

இரண்டு மூன்று நாள் வெளியூர் போகிறவர்கள் பருத்தித் துணியைத் திரி மாதிரி கிழித்து, ஒரு முனையை அடி ஓட்டை வழியாக மண்ணுக்குள் செருகி, மறுமுனையைக் கீழே தண்ணீர் டப்பாவில் விட்டுவிட்டுப் போகலாம். நைலான் கயிறு வேண்டாம், நான் அதையும் செய்து பார்த்தாயிற்று, திரும்பி வந்தபோது டப்பாவில் தண்ணீர் அப்படியே இருந்தது.