18,000 ரூபா ஒயரும் லாங்கு பஜார் ஒயரும்

வேலூர் சத்துவாச்சாரியில் மே மாசம் மத்தியானம், ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் நிறுத்திவிட்டு நாலு பேர் வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருந்தால், ஒன்று யாரோ தவறியிருக்க வேண்டும், இல்லை புது ஸ்பீக்கர் ஒயர் வந்திருக்க வேண்டும். இந்த வீட்டில் ஒயர். மூணு மீட்டர் ஜோடி, 18,000 ரூபாய்.

"இன்னாமா விரியுது பாத்தியா மச்சான்! பாட்டு செவுத்துக்கு வெளிய நின்னுகினு கீது" என்கிறார் வீட்டுக்கார அண்ணன். மச்சான், அதாவது அண்ணியின் தம்பி, காட்பாடியில் எலக்ட்ரீஷியன். "வெளிய நிக்குது சரி மாமா, பாடறவங்க குரல் நடுவுல காணோமே, பேஸும் எங்க?" என்று எழுந்து பின்னால் போய்ப் பார்த்தார். இடது ஸ்பீக்கரில் பிளஸ்ஸும் மைனஸும் மாறியிருந்தன.

இப்படி மாட்டினால் ஒரு ஸ்பீக்கரின் கோன் (முன்னும் பின்னும் அதிரும் கூம்பு) வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும். பேஸ், அதாவது தடித்த கீழ் ஒலி, ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும், குரல் அறை முழுக்கச் சிதறும். சந்தேகம் வந்தால் ஆம்பிலிருந்து (ஆம்ப்ளிஃபயர்) ஒயரைக் கழற்றிவிட்டு, அந்த முனையில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பிளஸ்ஸுக்கு பிளஸ் என்றால் வூஃபர் (பேஸுக்கான பெரிய கோன்) வெளியே துள்ளும்.

திருப்பி மாட்டியதும், "இப்பதான் ஒயர் செட்டாச்சு" என்றார் அண்ணன்.

விலை ஒயரையும் சாதா ஒயரையும் மாற்றி மாற்றிக் கேட்டு ஒப்பிடும்போது அடுத்த சிக்கல் வால்யூம். ஆம்பை அணைக்காமல் ஒயரைக் கழற்றினால் முனைகள் உரசி அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும். அதனால் வால்யூமைக் குறைத்து, அணைத்து, மாட்டி, மறுபடி ஏற்றுகிறோம். ஏற்றுகிற கைக்கு எந்த ஒயர் எவ்வளவு என்று தெரியுமே! அரை டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) கூடினால் 'சத்தமா கீது' என்று யாரும் சொல்வதில்லை, 'தெளிவா கீது' என்றுதான் சொல்வார்கள். சத்தம் குறைந்தால் காதுக்கு பேஸ்தான் முதலில் கரையும் என்று அமெரிக்க ஆராய்ச்சிக்கூடமான பெல் லேப்ஸின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். கொஞ்சம் ஏற்றினாலே தவிலுக்கு உடம்பு வந்துவிடும்.

மச்சான் லாங்கு பஜாரில் 1.5 ஸ்கொயர் எம்எம் வீட்டு ஒயர் வாங்கி வந்தார். மூணு மீட்டர் போக, மூணு மீட்டர் வர, மொத்த மின்தடையே சுமார் 0.07 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் இதனால் குறைவது 0.08 டெசிபல். ஒரே ஒரு ஸ்பீக்கர், ரெண்டு ஒயரும் ஆம்பில், மறுமுனையில் ஆறு கால் டாகிள் சுவிட்ச்: இப்படித் தட்டினால் ஒரு ஒயர், அப்படித் தட்டினால் மற்றது. 50 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு மல்டிமீட்டரை ஏசியில் வைத்தால் ஒன்றில் 2.00 வோல்ட், மற்றதில் 1.99. வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றுக்குள் இருந்தால் போதும். வால்யூம் குமிழைத் தொடக் கூடாது.

சுவிட்ச் திரைக்குப் பின்னால், அண்ணி கையில். காசு சுண்டி, பூ விழுந்தால் விலை ஒயர், தலை விழுந்தால் பஜார் ஒயர். ஒயர் மாறாத முறை சும்மா இருந்து, மாறும்போது மட்டும் தட்டினால் 'டக்' சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் மாறும்போது மூன்று தட்டு, மாறாதபோது ரெண்டு என்று மச்சான் முதலில் சொன்னார். "எண்ணிடுவாருடா உங்க மாமா" என்று அண்ணி, ஒவ்வொரு முறையும் படபடவென்று இஷ்டத்துக்குத் தட்டிவிட்டு, கடைசியில் காசு சொன்ன பக்கம் நிறுத்தினார்.

மொத்தம் 16 முறை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 8 சரியாக வரும். 12 வந்தால்தான் காதுக்கு ஏதோ பிடிபட்டது என்று நம்பலாம், குருட்டாம்போக்கில் அவ்வளவு வர வாய்ப்பு நூற்றுக்கு நாலுகூட இல்லை. அண்ணன் ஒவ்வொன்றுக்கும் நிமிர்ந்து உட்கார்ந்து, புல்லாங்குழலின் மூச்சு, மிருதங்கத்தின் தோல் என்று காரணத்தோடு சொன்னார். சரியானவை 9.

அண்ணி சீட்டை நீட்டினார். அண்ணன் ரெண்டு தரம் கூட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து போய் டாகிள் சுவிட்சைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சுவிட்சு மட்டமானது மச்சான். சவுண்டு இதுலயே அடிபட்டுப் போவுது. வெள்ளி கான்டாக்ட் வெச்சது எங்கனா கெடைக்குமா பாரு."