ஆடிக் காற்றில் எடுத்த நான்கு நிமிடப் படம்

படம் எடுக்க எங்களுக்கு மூன்று நாள் ஆனது. அதை விழாக்களுக்கு அனுப்பி முடிக்க ஏறக்குறைய நான்கு மாதம். பள்ளிப் பிள்ளைகளை வைத்துக் குறும்படம் எடுக்க நினைக்கும் ஆசிரியர் யாராவது இதைப் படித்தால், நான் தடுக்கி விழுந்த இடங்களையாவது பார்த்து நடக்கலாம்.

சங்கரன்கோவில் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். 2022-23இல் அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்பட விழா தொடங்கியபோது, படம் போட்டுக் காட்டி, பிள்ளைகளைப் பேசவும் எழுதவும் வைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சாப்ளினின் 'தி கிட்' 1921இல் வந்த பேசாப் படம். பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். பையன் கல்லெறிந்து கண்ணாடியை உடைக்க, பின்னாலேயே சாப்ளின் புதுக் கண்ணாடியோடு வந்து நிற்கும் இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு சிறுவன் பின்னாலேயே பலூன் சுற்றும் 'தி ரெட் பலூன்' முடிந்ததும் ஒருவன், "பலூன எப்படி டீச்சர் நடிக்க வச்சாங்க?" என்று கேட்டான். அங்கிருந்து "நாமளும் எடுப்போம் டீச்சர்" வரை வர அதிக நாள் ஆகவில்லை.

பக்கத்து ஊரில் ஒரு கலைக்குழு இரண்டு நாள் பயிற்சிப் பட்டறை நடத்தியது. பதினான்கு பேரை அழைத்துப் போனேன். முதல் நாள் காலை முழுக்க குளோசப், மிட் ஷாட், லாங் ஷாட் என்று போர்டில் எழுதிப் போட்டார்கள். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள், நானும்தான். மதியம் கொடுத்த ஒரு பயிற்சிக்காகவே அங்கே போனது தகும். கண்ணை மூடிப் பத்து நிமிடம் உட்கார வேண்டும், காதில் விழுந்த சத்தத்தையெல்லாம் அப்புறம் எழுத வேண்டும். நான் ஒன்பது எழுதினேன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் 23 எழுதியிருந்தான். அதில் ஒன்று "டீச்சர் வளையல்". மறுநாள் தீப்பெட்டியின் உள்தட்டை எடுத்து, அடிப்பக்கத்தைக் கிழித்துவிட்டு, அந்தச் சட்டம் வழியாக ஊரைப் பார்க்கச் சொன்னார்கள். எங்கள் பக்கம் தீப்பெட்டிக்கா பஞ்சம்? வீடு திரும்பும்போது பஸ் ஜன்னல் முழுக்கத் தீப்பெட்டிகள்தான்.

பதினான்கு பேரும் ஆளுக்கொரு கதை எழுதினார்கள். அதில் பதினொன்று மரம் வளர்ப்போம், பிளாஸ்டிக்கை ஒழிப்போம், செல்போன் கெடுதல். அதற்குக் காரணம் நாங்கள்தான். ஆண்டு விழாவில் எந்த நாடகத்துக்குக் கை தட்டுகிறோமோ, அதைத்தானே எழுதுவார்கள்? மீதி மூன்றில் ஒன்று ஏழாம் வகுப்பு மாணவி எழுதியது. தாத்தா வளர்க்கும் கிடாயைக் கோயில் கொடையில் (எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழா) வெட்ட விலை பேச வியாபாரி வருகிறார். அவர் வரும்போதெல்லாம் பேத்தி கிடாயின் வாயில் சோப்பு நுரையைத் தடவுகிறாள், காலில் கட்டுப் போடுகிறாள். கடைசியில் வியாபாரி பாதி விலைக்குக் கேட்க, "என் கிடாய்க்கு இதாம்ல விலையா?" என்று தாத்தாவுக்கு ரோசம் வந்து விற்க மறுத்துவிடுகிறார். அவ்வளவுதான் கதை. எல்லாரும் இதற்கே கை தூக்கினார்கள்.

ஆடியில் படப்பிடிப்பு வைத்தது என் முட்டாள்தனம். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று. போன் மைக்கில் அது லாரி ஓடுவதுபோல விழும். முதல் நாள் எடுத்த வசனம் எதுவும் தேறவில்லை. அந்த 23 சத்தக்காரன்தான் வழி சொன்னான். இன்னொரு போனைப் பழைய கம்பளித் தொப்பிக்குள் சுற்றி, நடிக்கிறவர் சட்டைப் பைக்குள் வைத்து, அதில் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்தோம். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் ஒருவன் கேமரா முன் வந்து ஓங்கி ஒரு கைத்தட்டு. படத்தில் கை சேரும் இடத்தையும் ஒலியில் 'டப்' என்று விழும் இடத்தையும் பிறகு ஒட்ட வைத்துக்கொள்ளலாம். கிளாப் போர்டின் வேலையே அதுதான் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

வீட்டுக்குள் எடுத்த காட்சியில் டியூப் லைட் வெளிச்சத்தில் கருப்புப் பட்டைகள் ஓடின. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 தடவை மினுங்குகிறது. போனோ தன் பாட்டுக்கு நொடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 தனித்தனிப் படம், எடுக்கிறது. மேனுவல் வசதியுள்ள இலவசக் கேமரா செயலியில் 25 ஃபிரேம், ஷட்டர் (ஒரு ஃபிரேம் வெளிச்சம் வாங்கும் நேரம்) 1/50 நொடி என்று மாற்றியதும் பட்டை போய்விட்டது. இதைச் சொல்லித்தர எனக்கு ஆள் இல்லை, ஒரு நாள் வீணானது.

பெரிய அடி மூன்றாம் நாளுக்கு முன் விழுந்தது. "டீச்சர், கிடா கொடைக்குப் போயிட்டு" என்று வந்து நின்றாள் கதை எழுதியவள். அவள் வீட்டுக் கிடாய்தான் நடித்துக்கொண்டிருந்தது. பாதிப் படம் மிச்சம். ஊரெல்லாம் தேடி இன்னொரு கருப்புக் கிடாய் பிடித்தோம். பழையதற்கு ஒரு காது வெள்ளை. புதியதற்குச் சாக்பீஸ் தூள் பூசினோம், அது தலையை உதறி உதறி எங்களையும் வெள்ளையாக்கியது. படத்தில் உற்றுப் பார்த்தால் கடைசி இரண்டு காட்சியில் காது கொஞ்சம் சாம்பல் நிறம்.

எடிட்டிங்கில் ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். போன் எடுக்கும் வீடியோவில் ஃபிரேம் வேகம் ஒரே சீராக இருக்காது, கூடும் குறையும். தனியே பதிந்த ஒலியை ஒட்டினால் முதலில் சரியாக இருக்கும், போகப் போக உதடும் பேச்சும் பிரியும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ஃபிரேம் வேகத்தை நிலையாக்கி மாற்றிக்கொண்டு, அப்புறம் எடிட் செய்ய உட்காருங்கள்.

பாட்டு விஷயத்தில் பிள்ளைகளோடு சண்டையே வந்தது. ஒரு பழைய சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டிருந்தார்கள். "பழைய பாட்டுதான டீச்சர்?" பதிவு செய்து வெளியிட்ட ஒலிக்கே நம் சட்டப்படி 60 ஆண்டு உரிமை உண்டு, எழுதியவர், இசையமைத்தவர் உரிமை அவர்கள் இறந்த பிறகும் 60 ஆண்டு நீளும். எடுக்கச் சொன்னேன். இரண்டு நாள் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு பையனின் ஆச்சி குலவை போட்டுக் கொடுத்தார். படத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த சத்தம் அதுதான்.

தலைப்பு 'கொடைக் கிடாய்'. மென்பொருளில் தட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று எழுத்து சிதறியது. கோபத்தில் சிலேட்டில் எழுதச் சொல்லி அதையே படம் பிடித்தோம். ஆங்கில சப்டைட்டில் எழுதும் வேலையை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் விட்டேன். திரையில் இரண்டு வரி, வரிக்கு 42 எழுத்துக்குள் என்பது பொதுவான கணக்கு. "போயிட்டு வாரேன்" என்பதை 'ஐ வில் கோ அண்ட் கம்' என்று எழுதியிருந்தார்கள். அதை மாற்ற எனக்கு மனமில்லை, இருந்தும் மாற்றினேன். "ஏல"வுக்குக் கடைசி வரை ஆங்கிலம் கிடைக்கவில்லை.

எங்கே அனுப்புவது? நான் கேள்விப்பட்டிருந்தது ஹைதராபாத்தின் 'தங்க யானை' விழா. 1955இல் தொடங்கிய குழந்தைகள் திரைப்படச் சங்கம் நடத்திய அந்த விழாவின் 20ஆம் பதிப்பு 2017இல் நடந்தது. 2022இல் அந்தச் சங்கத்தையே தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைத்துவிட்டார்கள். இத்தாலியில் ஜிஃபோனி என்ற சிறு ஊரில் 1971 முதல் நடக்கும் விழாவில் பிள்ளைகளே நடுவர்கள் என்று சொன்னதும் வகுப்பில் ஒரே கூச்சல். எல்லாருக்கும் நடிகராவதைவிட நடுவராவதுதான் ஆசை.

விழாக்களுக்கு இணையம் வழியே படம் அனுப்ப உதவும் ஃபிலிம்ஃப்ரீவே தளத்தில் என் பெயரில் கணக்கு தொடங்கி, நுழைவுக் கட்டணம் இல்லாத விழாக்களாகப் பொறுக்கினேன். டாலரில் கட்டணம் கேட்கும் இடங்களில் நாள் தள்ளத் தள்ளத் தொகை ஏறும், என் ஏ.டி.எம். கார்டோ வெளிநாட்டுக்கு வேலை செய்யாது. படத்தைவிடக் காகிதம்தான் அதிகம்: பெற்றோர் சம்மதக் கடிதம், வயதுக்குப் போனஃபைடு, ஆச்சியின் குலவைக்கு அவர் கைரேகை. இதற்கு நடுவில் ஒரு மாணவனின் அண்ணன் பாசத்தில் முழுப் படத்தையும் யூடியூபில் ஏற்றிவிட்டான். பொதுவெளியில் வந்த படத்தைச் சில விழாக்கள் ஏற்பதில்லை. ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்து நீக்க வைத்தேன். பாஸ்வேர்டு போட்ட சுட்டியை மட்டும் அனுப்புங்கள்.

ஏழு விழாக்களுக்கு அனுப்பினோம். ஐந்தில் இல்லை என்றார்கள். ஒன்றிலிருந்து இன்று வரை பதிலே இல்லை. சென்னையில் ஒன்று தேர்வு செய்தது. பொதிகை எக்ஸ்பிரஸில் ஆறு பிள்ளைகள், இரண்டு பெற்றோர், நான். அரங்கில் படம் ஓட ஆரம்பித்ததும் எனக்கு வியர்த்தது. வசனம் முழுக்க இடப்பக்க ஸ்பீக்கரில் மட்டும் வந்தது. இடது சேனலில் மட்டும் ஒலியை வைத்திருந்திருக்கிறேன், லேப்டாப்பின் குட்டி ஸ்பீக்கரில் அது தெரியவே இல்லை. ஹெட்போன் மாட்டி ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். குலவை மட்டும் இரண்டு பக்கமும் அதிர்ந்தது, அதை ஏற்றியவன் அந்த 23 சத்தக்காரன்.

முடிந்ததும் பிள்ளைகளை மேடையில் ஏற்றினார்கள். முன்வரிசையில் ஓர் அம்மா மைக் வாங்கி, "அந்தக் கிடாய் இப்போ எப்படிம்மா இருக்கு?" என்று உருக்கமாகக் கேட்டார்.

"அத வெட்டியாச்சு," என்றாள் கதை எழுதியவள். "எங்க வீட்டுக்கும் கறி வந்துச்சு."