கழிவு கேட்காத மாதம்

கனடாவில், டொராண்டோவின் ஸ்காபரோ பகுதியில் ஒரு பேஸ்மென்ட்டில் குடியேறி மூன்று மாதம் இருக்கும். இரவு வேலை முடிந்து பஸ்ஸுக்காகக் குளிரில் நிற்பது பெரும்பாடாக இருந்தது. பழைய கார் ஒன்றுக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போனேன். கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று பார்க்கிற எண்தான் கிரெடிட் ஸ்கோர்; கனடாவில் அது 300 முதல் 900 வரை. எனக்கு அதில் எண்ணே இல்லை. ஊரில் யாரிடமும் ஒரு சதம் பாக்கி வைக்காதவன் என்பது அங்கே எடுபடவில்லை.

மேல்வீட்டு அக்காதான் கேட்டார், "தம்பி, சீட்டுக் கட்டுறீரோ?"

மால்வெர்னில் ஒரு மாமி நடத்துகிற சீட்டு. பத்துப் பேர், மாதம் ஆளுக்கு 500 டொலர். முதல் மாதம் மாமிக்கு. அப்புறம் காசு தேவையானவர்கள் கழிவு கேட்பார்கள், அதாவது முழுத் தொகையில் எவ்வளவு விட்டுக்கொடுத்து எடுப்பார்கள் என்று ஏலம் கேட்பார்கள்; கூடக் கழிப்பவருக்கு அந்த மாதச் சீட்டு. ஒருவர் 400 கழித்து 4,600க்கு எடுத்தால், அந்த 400 பத்தாகப் பிரியும். எல்லோரும் 460 கட்டினால் போதும். கடைசி ஆளுக்குக் கழிவே இல்லை, முழு 5,000. பொறுத்திருந்ததற்கு வட்டி அதுதான்.

எனக்குப் பொறுப்பு நின்றவர் அக்கா. நான் கட்டாவிட்டால் அவர் கட்ட வேண்டும். வங்கிக் கடன் ஒரு கிழமை பிந்தினால் நான் தூங்கியிருப்பேன். அக்கா விஷயத்தில் முடியாது. வெளிச்சாப்பாட்டை நிறுத்தினேன், சனிக்கிழமையும் வேலைக்குப் போனேன்.

நான்காம் மாதம் 450 வரை கேட்கும் முடிவோடு போனேன். அங்கே ஓர் அண்ணா, அப்பா யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாராம், "நூறு" என்றார். மாமி சுற்றிப் பார்த்தார். "வேற ஆர் கேக்கிறியள்?" தேத்தண்ணிக் கோப்பைகளின் சத்தம் மட்டும். நானும் வாய் திறக்கவில்லை. 450 கழித்திருந்தால் ஆளுக்கு 45 டொலர் குறைந்திருக்கும், பத்துத்தான் குறைந்தது. அந்தக் கணக்கு அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அவரை நான் அதற்கு முன் மூன்று தரம்தான் பார்த்திருந்தேன்.

அடுத்த மாதம் எனக்கு அப்படி யாரும் விட்டுத்தரவில்லை. கார் ஆஸ்பத்திரி இல்லையே, அது நியாயம்தான். ஏட்டிக்குப் போட்டியாக ஏறி, 380 கழித்து எடுத்தேன்.

சீட்டுக்குப் பத்திரம் கிடையாது. காசோடு ஓடியவர்களும் நம் ஆட்களில் உண்டு. ஒழுங்காகக் கட்டினாலும் கிரெடிட் ஸ்கோரில் ஏறாது. அதனால் வங்கியில் வைப்புப் பணம் வைத்து ஒரு கிரெடிட் கார்டும் எடுத்தேன். புதிதாக வருகிறவர்கள் இரண்டையும் செய்யுங்கள்.

மிச்ச ஐந்து மாதமும் அக்காவை ஏற்றிக்கொண்டு அந்தக் காரில்தான் மாமி வீட்டுக்குப் போனேன்.