படத்தில் இருப்பவர் யார்? – ஜூன் மாதக் குறிப்புகள்

ஜூன் 1, 2025, ஞாயிறு

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது, இனித் தள்ளிப்போட வழியில்லை. சிங்கப்பூரில் ரயில்வேயில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்களுக்காக நாங்கள் கட்டிக்கொண்டிருக்கும் இணையத்தளத்தை ஜூன் 30 அன்று திறப்பது என்று இன்று முடிவு செய்தோம். 2011இல் அதே தேதியில்தான் தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி ரயில் புறப்பட்டது, மலேசியாவின் ஜொகூர் சுல்தானே ஓட்டிக்கொண்டு போனார். எங்கள் குழுவில் பாதிப் பேர் அப்போது கைக்குழந்தைகள்.

கூட்டத்தில் நடந்தது பெரும்பாலும் சண்டைதான், ஆனால் நல்ல சண்டை. பலதுறைத் தொழிற்கல்லூரியில் கணினி படிக்கும் தம்பிக்கு முகப்பில் பெரிய வரைபடம் வேண்டுமாம், 24 கிலோமீட்டர் ரயில் பாதையையும் விரலால் இழுத்துப் பார்க்கும்படி. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பாதையைப் பற்றியும், தஞ்சோங் பகார் நிலையத்து முகப்பின் நான்கு சிலைகளைப் பற்றியும் எழுத ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள், அந்தக் கட்டடம் தேசிய நினைவுச்சின்னமாகவும் ஆகிவிட்டது. வெயிலில் நின்று சரளைக்கல்லைத் தட்டிச் சமப்படுத்தியவர் தன் சொந்தப் பெயரோடு எங்கே இருக்கிறார்? பழைய படங்களுக்குக் கீழே 'இந்தியத் தொழிலாளர்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது ஆறவே இல்லை.

கடைசியில் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். முகப்பில் ஒரு தேடல் பெட்டி, அதில் பெயரைத் தட்டினால் ஆள் வர வேண்டும். வரைபடம் அதற்குக் கீழே.

ஜூன் 4, புதன்

ஒரு ஆண்ட்டி வீட்டிலிருந்து நான்கு ஆல்பங்கள் வந்தன. பசை தடவிய அட்டையில் படத்தை ஒட்டி மேலே பிளாஸ்டிக் தாளை மூடுவோமே, அந்த வகை. இந்த ஊர் ஈரத்தில் பசை பழுப்பாகிப் படத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இழுத்தால் கிழியும். என் தங்கைதான் பொறுமைசாலி, பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை எடுத்துப் படத்தின் ஒரு மூலையிலிருந்து மெதுவாக அறுப்பதுபோல் உள்ளே ஓட்டி ஒவ்வொன்றாக விடுவித்தாள். வராததை விட்டுவிட்டு அட்டையோடு ஸ்கேன் செய்தோம்.

600 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி, டிஃப் கோப்பு ஒன்று பத்திரப்படுத்த, ஜேபெக் ஒன்று தளத்துக்கு. படத்தின் பின்பக்கத்தையும் கட்டாயம் ஸ்கேன் செய்கிறோம். ஸ்டூடியோ முத்திரை, பென்சில் கிறுக்கல், யாருக்கோ எழுதிய 'அன்புடன்' எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. முன்பக்கத்தை மட்டும் கைப்பேசியில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஜூன் 8, ஞாயிறு

டோக்கன் தாத்தா வீட்டில் ஒலிப்பதிவு. அவரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுகிறோம், அவருக்கும் அது பிடித்திருக்கிறது. மின்விசிறியை நிறுத்தினோம், சன்னலைச் சாத்தினோம், அப்படியும் காமன்வெல்த் பக்கம் எம்ஆர்டி ரயில் போகும் ஒவ்வொரு முறையும் அவரே பேச்சை நிறுத்திவிட்டு 'ம், போய்ருச்சு, இப்ப எழுதிக்கம்மா' என்று தொடர்ந்தார்.

ஆல்பத்தில் இருந்த ஒரு படத்தைக் காட்டினோம். நடைமேடையில் ஒருவர் பெரிய வளையம் ஒன்றை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், வளையத்தின் அடியில் ஒரு தோல் பை. நாங்கள் ஏதோ விளையாட்டுச் சாமான் என்று நினைத்திருந்தோம். தாத்தா சொன்னது இது: சிங்கப்பூரில் ஓடியது ஒற்றைத் தண்டவாளம், எதிரும் புதிருமாக இரண்டு ரயில்கள் பாதையின் ஒரே துண்டில் வந்துவிடக் கூடாது. அதனால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சாவி டோக்கன். அது கையில் இருக்கும் ஓட்டுநர் மட்டுமே அந்தத் துண்டுக்குள் நுழையலாம். புக்கிட் தீமா நிலையத்தில் ரயில் நிற்காமல் மெதுவாகக் கடக்கும்போதே ஒரு டோக்கனை வாங்கிக்கொண்டு அடுத்ததைக் கொடுக்க வேண்டும், அதற்குத்தான் வளையம், ஓடும் வண்டியிலிருந்து கையை நுழைத்துப் பிடிக்க. 2011இல் பாதை மூடும்வரை அங்கே அப்படித்தான் நடந்தது. ஊரெல்லாம் கணினிமயமான பிறகும் அந்த இடத்தில் இரண்டு ரயில்களுக்கு நடுவே இருந்த பாதுகாப்பு ஒரு மனிதனின் நீட்டிய கைதான் என்பதை நினைத்தால் சிலிர்க்கிறது.

'கை லேசா விலகுனா வளையம் முழங்கையில வந்து அடிக்கும்' என்று சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். தழும்பு தெரியவில்லை. அவருக்கு மட்டும் இடம் சரியாகத் தெரிந்திருந்தது, விரலை வைத்துக்கொண்டே பேசினார்.

ஜூன் 11, புதன்

இன்று முழுக்கத் தேடல் பெட்டியோடு மல்லுக்கட்டு. 'கொ'வில் தொடங்கும் ஒரு பெயர் தளத்தில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது, தட்டித் தேடினால் 'எதுவும் இல்லை' என்று வருகிறது. காரணம் பிடிபட மாலையாகிவிட்டது. கணினியில் எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. விதிப்படி இரண்டும் சமம், ஆனால் நிரல் இரண்டையும் முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால்தான் சமம். தம்பி அதைச் சேர்த்துவிட்டான். அப்புறம் கால் போட வேண்டிய இடத்தில் 'ர' தட்டியவை, 'ஔ'வுக்குப் பதில் 'ஒ'வையும் 'ள'வையும் சேர்த்தவை, இதெல்லாம் கையால்தான் களைய வேண்டும்.

இதைவிடப் பெரிய வேலை பெயர்களின் எழுத்து. ஒரே ராமசாமியைச் சம்பளப் புத்தகத்தில் ஆங்கிலத்தில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி, கல்யாணப் பத்திரிகையில் 'இராமசாமி' என்று எழுதியிருக்கிறார்கள். பேத்தி எதைத் தட்டித் தேடுவாள் என்று யாருக்குத் தெரியும்? அதனால் ஒவ்வொருவருக்கும் 'வேறு எழுத்துகள்' என்று ஒரு கட்டம் வைத்துவிட்டோம். தலைப்பில் மட்டும் குடும்பத்தார் எப்படி எழுதுகிறார்களோ அப்படியே. அதில் கை வைக்க எங்களுக்கு உரிமை இல்லை.

ஒரு அங்கிள் கொடுத்த பழைய வட்டில் இருந்த தொழிற்சங்கக் குறிப்பைத் திறந்தால் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாக வந்தது, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு. மாற்றி எடுத்துவிட்டோம். அந்தக் காலத்தில் தமிழைத் திரைக்குக் கொண்டுவருவதே பெரும்பாடாக இருந்திருக்கிறது. 1995இல் இங்கே நான்கு மொழிக் கவிதைகளோடு ஒரு தளம் தொடங்கியபோது அதில் தமிழ் தெரியப் பாடுபட்டவர் நம்ம ஊர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. 1997இல் தமிழ் இணைய மாநாட்டையும் இங்கேயே கூட்டினார், 1999இல் மறைந்துவிட்டார். நாங்கள் இன்று கைப்பேசியில் தமிழைத் தட்டிக்கொண்டு போவதற்குப் பின்னால் அவர் உழைப்பும் இருக்கிறது. நன்றிப் பக்கத்தில் அவர் பெயர் முதலில் வரும், அதில் யாருக்கும் மாற்றுக் கருத்தே இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

மறக்க முடியாத நாள். ஒரு அடுக்குமாடி பிளாக்கின் வாய்ட் டெக்கில், அதாவது திறந்த தரைத்தளத்தில், மேசை போட்டு, அடையாளம் தெரியாத படங்களைப் பெரிதாக அச்சடித்துப் பரப்பி வைத்தோம். ரயில் பாதை ஓரக் குடியிருப்பான தங்ளின் ஹால்ட்டில் 2014இல் 31 பிளாக்குகளை மறுமேம்பாட்டுக்கு எடுக்கப்போவதாக அறிவித்த பிறகு அங்கிருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள், ஆனாலும் அருகிலுள்ள டாசன் பக்கம் குடியேறியவர்களில் பலர் வந்தார்கள். எங்களோடு இருக்கும் சீன நண்பன் அந்தப் பத்து மாடி 'சாப் லௌ' வீடுகளில் வளர்ந்தவன், தண்டவாளத்து ஓரத் தோட்டத்தில் வெண்டைக்காய் பறித்துக் கொடுத்த பாட்டியைத் தேடித்தான் இந்தக் குழுவுக்கே வந்தான்.

தண்டவாளத்தில் தள்ளுவண்டியைச் சுற்றி ஆறு பேர் நிற்கும் படம் ஒன்று. இரண்டு பாட்டிமார் அதை விடவே இல்லை. 'இது அவரு இல்லடி, அவரு தம்பி. காதைப் பாரு.' 'துண்டு கட்டுன விதத்தைப் பாரு, இது அண்ணன்தான்.' அரை மணி நேரம் வாதம். கடைசியில் மூன்றாவது பாட்டி வந்து, அண்ணனுக்கு இடது கையில் ஒரு விரல் பாதிதான் என்று சொன்னார், எங்கள் கணினித் தம்பி ஸ்கேனைத் திரையில் பெரிதாக்கினான், விரல் பாதிதான். மூன்று பாட்டிகளும் ஒரே நேரத்தில் கைதட்டினார்கள். ஆறில் நான்கு பேருக்குப் பெயர் கிடைத்தது. 600 டிபிஐ எதற்கு என்று இனி யாரும் கேட்கப்போவதில்லை.

இன்னொரு படத்துக்குத் தேதி கிடைத்தது. பின்னால் தெரிவது டேங்க் ரோடு நிலையம் என்று ஒரு தாத்தா அடித்துச் சொன்னார், அவருடைய அப்பா அங்கே வேலை பார்த்தாராம். சிங்கப்பூரின் ரயில் 1903இல் அங்கிருந்துதான் ஓடத் தொடங்கியது, 1932இல் பாதையைப் புக்கிட் தீமா வழியாகத் திருப்பித் தஞ்சோங் பகாருக்குக் கொண்டுபோனார்கள். நிலையம் இயங்கும்போது எடுத்த படம் என்பதால் அது 1932க்கு முந்தையது என்று போட்டுவிட்டோம்.

முடிந்ததும் காமன்வெல்த் டிரைவ் முனீஸ்வரன் கோயிலுக்குப் போனோம். தண்டவாளத்து ஓரம் ரயில் தொழிலாளர்கள் வைத்துக் கும்பிட்ட சிறு கோயிலாகத் தொடங்கி வளர்ந்தது அது.

ஜூன் 21, சனி

அனுமதி பற்றிய பேச்சு. ஒரு குடும்பத்தில் அண்ணனுக்குச் சம்மதம், தம்பிக்கு இல்லை. ஒருவர் வேண்டாம் என்றால் படம் ஏறாது, அவ்வளவுதான். எவ்வளவு அருமையான படமாக இருந்தாலும் சரி. பணிப் புத்தகங்களில் உள்ள அடையாள அட்டை எண்களையும் முகவரிகளையும் மறைத்துவிட்டுத்தான் போடுகிறோம். இதெல்லாம் நேரத்தைத் தின்கிறது என்று ஒருவர் முணுமுணுத்தார். தின்னட்டும். இந்த மக்கள் படத்தைக் கொடுத்தது எங்கள் முகத்தைப் பார்த்து.

ஜூன் 30, திங்கள்

திறந்துவிட்டோம். இன்று பள்ளி தொடங்கியதால் தங்கை சீருடையிலேயே வந்தாள். டோக்கன் தாத்தா கைப்பேசியில் தன் பெயரைத் தானே தட்டினார், வந்தது. உடனே தன் மேலாளர் பெயரைத் தட்டினார், வரவில்லை. 'ஏம்மா, அவர் இல்லாம நான் எப்படி?' என்றார். அந்தப் பெயரையும் அவர் சொன்னவற்றையும் எழுதிக்கொண்டோம், படத்துக்கு ஜொகூர் பாருவில் இருக்கும் அந்த மேலாளருடைய மகளைக் கேட்க வேண்டுமாம்.

ஜூலை 2, புதன்

வரைபடம் கைப்பேசியில் இன்னும் மெதுவாகத்தான் திறக்கிறது, தம்பி பார்க்கிறான். உட்லண்ட்ஸிலிருந்து ஒரு அம்மா அழைத்தார். தள்ளுவண்டிப் படத்தில் பெயர் தெரியாத இருவரில் வலது ஓரம் நிற்பவர் தன் மாமனார் என்கிறார், வீட்டில் இன்னொரு படம் இருக்கிறதாம், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சனிக்கிழமை காலை போகிறோம். ஸ்கேனர் கனம், யாராவது கார் வைத்திருப்பவர்கள் வந்தால் நல்லது.