அகலப் பாதத்துக்கு ஷூ தேடிய கதை

மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் இருந்து ஓடுகிற ஷூ வாங்க மதுரைக்குப் பஸ் ஏறுகிறவர்கள், ஏறுமுன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு ஆன அலைச்சலும் பணமும் உங்களுக்கும் ஆக வேண்டாம்.

முதலில் போன கடையில் அட்டை ஒன்றைத் தரையில் போட்டு, ஈரக் காலோடு நிற்கச் சொன்னார்கள். பாதத்தின் உள்வளைவு தெரியாமல் முழுப் பாதமும் பதிந்ததும் விற்பனைத் தம்பி, "அண்ணே, உங்களுக்குத் தட்டைப் பாதம். ஓடுறப்ப கால் உள்ளே சாயும். ஸ்டெபிலிட்டி ஷூதான் போடணும்" என்று முடித்துவிட்டான். உள்பக்கம் கெட்டியான நுரை வைத்த ஷூ அது. சுண்டுவிரல் நெரிகிறதே என்றேன். ஒரு சைஸ் பெரிதாகக் கொடுத்தான். இப்போது குதிகால் கழன்றது. வெளியே நாலடி ஓடிப் பார்க்கிறேன் என்றால், "அடி அழுக்கானா திரும்ப வைக்க முடியாதுண்ணே" என்றான். ஊர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அதையே வாங்கி வந்தேன்.

தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தபின், 2017இலிருந்து எங்களுக்கு அதுதான் மைதானம். அங்கே ஓடியதில் உள்வளைவில் வலி, சுண்டுவிரலில் கொப்புளம், நகம் கறுத்தது. கடைக்குக் கொண்டுபோனால், போட்டு ஓடிய ஷூவை எடுக்க மாட்டோம் என்று பில்லின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். ஓடிப் பார்க்க விடாதவர்கள், ஓடியதைக் காரணம் சொன்னார்கள். இன்னும் ஆறவில்லை எனக்கு.

விடிவு ராமநாதபுரத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் அக்காவிடம் கிடைத்தது. நுனிக்காலில் நிற்கச் சொன்னார். வளைவு தானாக எழுந்தது. "நிக்கிறப்ப தட்டையா இருக்கு, எம்புனா வளைவு வருது. இந்த ஷூவுக்கு முன்னாடி வலியும் இல்லாம இருந்துச்சுன்னா இது கோளாறு இல்ல தம்பி" என்றார். நான் ஓடுவதைப் பின்னாலிருந்து செல்போனில் ஸ்லோமோஷனில் எடுத்துக் காட்டினார். குதிகால் லேசாகத்தான் உள்ளே சாய்ந்தது. அந்தச் சாய்வு எல்லோருக்கும் உண்டு, தரையின் அதிர்ச்சியைக் கால் வாங்கிக்கொள்கிற விதமே அதுதான். 2014இல் வெளியான டென்மார்க் ஆய்வில், புதிதாக ஓடத் தொடங்கிய 927 பேருக்கும் ஒரே மாதிரிச் சாதாரண ஷூ கொடுத்து ஓராண்டு பார்த்தார்கள். கால் உள்ளே சாய்கிறவர்களுக்குக் காயம் கூடுதலாக வரவில்லை. ஈரக்கால் தடத்தை மட்டும் பார்த்து ஷூவைத் திணிப்பதை இனி யாரும் என்னிடம் செய்ய முடியாது.

என் பிரச்சினை அகலம். சின்ன வயதிலிருந்து கடல்மணலில் வெறுங்காலோடு திரிந்தவர்களுக்கு முன்பாதம் விரிந்திருப்பது வழக்கம்தான். இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் இருக்கும் மெத்தையை (இன்சோல்) உருவித் தரையில் வைத்து, அதன்மேல் முழு எடையோடு நில்லுங்கள். சதை ஓரத்தைத் தாண்டி வழிந்தால் அந்த ஷூ உங்களுக்குக் குறுகல். நீளத்தைக் கூட்டினால் அது சரியாகாது. அகலத்தைத்தான் கேட்க வேண்டும்: ஆண்களுக்கு வழக்கமானது டி, அடுத்தது 2இ, அதற்கும் மேல் 4இ.

அடுத்த கடையில் 2இ அகலத்தில், உள்பக்கக் கெட்டி நுரை இல்லாத சாதாரண நியூட்ரல் ஷூ இருந்தது. கடைக்கார அண்ணன் வாசலில் ஓடிப் பார்க்கவும் விட்டார். கட்டைவிரல் அகலம் முன்னால் இடம், குதிகால் அசையவில்லை. நகம் இப்போது புதிதாக வளர்கிறது.

ஷூ வாங்கச் சாயங்காலம் போங்கள், கால் வீங்கியிருக்கும். ஓடும்போது போடும் சாக்ஸையே எடுத்துப் போங்கள். ஒரு கால் பெரிதாக இருந்தால் அதற்குத்தான் சைஸ். நம் பக்கம் உப்புமணல் ஷூவின் வலைத்துணிக்குள் புகுந்துவிடும். நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள், வெயிலில் வைத்தால் பசை விட்டுவிடும். மதுரைக்குக் கிளம்புமுன் கடைக்குப் போன் போட்டு இரண்டே கேள்வி கேளுங்கள்: என் சைஸில் 2இ இருக்கா, ஓடிப் பார்க்க விடுவீங்களா. இரண்டில் ஒன்றுக்கு இல்லை என்றாலும் பஸ் ஏறாதீர்கள்.